ஸ்டேஷனுக்குப் போவதை அம்மாவிடம் சொல்லுங்கள்

கும்பகோணம் பக்கத்திலிருந்து பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகர் எங்கள் மருத்துவருக்கு எழுதியது:

"எனக்கு வயது 71. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு 66. ஒரே மகன், பெங்களூரில் வேலை. போன வருஷம் ஐப்பசியில், 38 வயதில், மாரடைப்பில் போய்விட்டான். நான்தான் கொள்ளி வைத்தேன். வருஷத் திதி கொடுத்து ரெண்டு மாதம் ஆகிறது. என் மனைவி இன்னும் தேறவில்லை. தினமும் ராத்திரி அவன் தட்டில் ஒரு தோசை வைக்கிறாள். காலையில் அதை எடுத்து மாட்டுக்குப் போடுகிறாள். அவன் செல்போனை சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள், ரீசார்ஜும் செய்யச் சொல்கிறாள். கொல்லைப் பக்கம் 'அம்மா' என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது என்கிறாள். சாப்பாடு பாதியாகிவிட்டது. தூக்கம் வருவதற்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய அல்பிரசோலம் மாத்திரை தினமும் ஒன்று, பத்து மாதமாகக் கொடுக்கிறேன். போன வாரம் 'இனிமே எதுக்குங்க இருக்கணும்' என்றாள்.

"அவன் போவதற்கு முந்தின ராத்திரி போனில் 'நெஞ்சு கரிக்குதும்மா' என்று சொல்ல, இவள் பெருங்காயம் போட்டு மோர் குடிக்கச் சொன்னாளாம். அதையே சொல்லிச் சொல்லி அழுவாள். ஒருநாள் கோபத்தில் நானும் அதைச் சொல்லிக் காட்டிவிட்டேன். அதிலிருந்து எங்களுக்குள் அவ்வளவாகப் பேச்சில்லை. மருமகள் கோயம்புத்தூரில் அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். குழந்தை இல்லை. தொடர்பும் இல்லை. நான் எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விடிகாலையில் ஸ்டேஷன் வரைக்கும் நடப்பேன், பெங்களூர் வண்டி வந்து போனதும் திரும்பிவிடுவேன். என் மனைவிக்கு மனநோயா? மகனுடைய சாமான்களை எடுத்து யாருக்காவது கொடுத்துவிட்டால் சரியாகுமா? எங்களுக்கு அப்புறம் யார்?"

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகள் மூன்று. கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன விஷயங்களும் மூன்று: ஸ்டேஷன், கோபத்தில் சொன்ன வார்த்தை, மருமகள். எனக்கு அந்த மூன்றும்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஆனால் அவற்றுக்குப் போகும் முன் இன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

முதலாவது, "இனிமே எதுக்குங்க இருக்கணும்" என்று அம்மா, அதாவது உங்கள் மனைவி, சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இப்படிச் சொல்வது அபூர்வம் இல்லை. 'அவன் போன இடத்துக்கே நானும் போய்விட்டால் தேவலை' என்ற ஏக்கமாக மட்டும் இருக்கலாம். 'எப்படிப் போவது' என்று அவர் யோசிக்கத் தொடங்கியிருக்கவும் கூடும். இரண்டும் ஒன்றல்ல. எது என்று கேட்காமல் தெரியாது. அதனால் கேட்டுவிடுங்கள். இன்று ராத்திரி, விளக்கை அணைக்கும் முன், பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு எதுக்கு இருக்கணும்னு சொன்னியே, சாகணும்னு தோணுதா? ஏதாவது செஞ்சுக்கலாம்னு நினைச்சியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டதும் அடக்கி வைத்த அழுகை வரும், அவ்வளவுதான். "ஆமாம், நினைச்சேன்" என்று சொன்னால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல் மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அம்மாவின் பதில் எதுவாக இருந்தாலும், கொல்லையில் பூச்சி மருந்து இருந்தால் வெளியேற்றுங்கள். மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். நடு ராத்திரியில் பயமாக இருந்தால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நீங்களும் அதில் பேசலாம் ஐயா, உங்களுக்காகவும்.

இரண்டாவது, அந்த அல்பிரசோலம். அம்மா தூங்காமல் கிடப்பதைப் பார்க்க முடியாமல்தான் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று புரிகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுத்த மெடிக்கல் மீதுதான் எனக்கு வருத்தம். இந்த வயதில் அந்த மாத்திரை பகலிலும் மந்தத்தை உண்டாக்கும், ஞாபகத்தைக் கலக்கும். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்கள் நிறையப் பேர். இப்போது நான் சொன்னேன் என்று நாளைக்கே நிறுத்திவிடவும் கூடாது. பத்து மாதம் தொடர்ந்து சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பு, நடுக்கம், சில பேருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் வாரங்கள், மாதங்கள் எடுத்துச் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். போகும்போது அம்மாவின் எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, பி12 இந்த நான்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். பதினாலு மாதம் அரை வயிற்றோடு இருந்தவருக்கு உடம்பும் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ச்சியும் மனத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். உங்கள் ரத்த அழுத்தத்தையும் அப்படியே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

சரி, இனி உங்கள் முதல் கேள்வி. அம்மாவுக்கு மனநோயா?

தட்டில் தோசை வைப்பது நோய் இல்லை. அமாவாசை அன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, அது வந்து எடுக்கும்வரை வாசலில் நின்று கா கா என்று கூப்பிடுகிறோமே, அதை யாராவது நோய் என்கிறோமா? போனவர்களுக்குச் சாப்பாடு வைப்பது நமக்குப் புதிதில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஊர் செய்வதை அம்மா தினமும் செய்கிறார். தோசையை வீணாக்காமல் மாட்டுக்குப் போடுகிறார், பாருங்கள். மகன் வந்து சாப்பிடமாட்டான் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கொல்லையில் 'அம்மா' என்று கேட்டதும் அப்படித்தான். 1971இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைப் பார்த்துப் பேசி எழுதினார். கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு இப்படி ஏதோ ஓர் அனுபவம் இருந்தது. பலர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள், சிலர் உருவத்தையே கண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் அதை யாரிடமும் சொன்னதில்லை. கேலி செய்வார்களோ என்ற பயம் சிலருக்கு. அம்மா உங்களிடம் சொன்னாரே, அது நல்லதுதான். அடுத்த தடவை சொன்னால் "பிரமை" என்று தள்ளாமல், "என்ன குரல்ல கூப்பிட்டான்? சின்னப் பிள்ளையா இருந்தப்போ கூப்பிடுவானே, அப்படியா?" என்று கேட்டுப் பாருங்கள்.

போனுக்கு ரீசார்ஜ் செய்வதையும் நிறுத்த வேண்டாம். அந்த எண்ணை விட்டுவிட்டால் அது வேறு யாருக்காவது போய்விடும். ஒருநாள் அம்மா அந்த எண்ணைக் கூப்பிட, முன்பின் தெரியாத குரல் ஒன்று எடுத்தால் அவர் தாங்கமாட்டார். அதில் மகன் அனுப்பிய குரல் செய்திகளும் போட்டோக்களும் இருந்தால், தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு இன்னொரு இடத்திலும் பத்திரப்படுத்தி வையுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். போன் கெட்டுப்போய், பிள்ளையின் குரல் போயிற்றே என்று இரண்டாவது முறை அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. சாப்பாடு பாதி, தூக்கம் இல்லை, ஒரே குற்ற உணர்வு, இருக்க வேண்டாம் என்ற பேச்சு, பதினாலு மாதம் கழிந்தும் இறுக்கம் தளரவில்லை. இதை மருத்துவத்தில் 'நீடித்த துக்கம்' என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும், அந்த ஊரின் வழக்கத்தையும் தாண்டி, அன்றாட வாழ்க்கையையே முடக்கும் துக்கம் அது. அம்மாவுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்லமாட்டேன், நேரில் பார்க்க வேண்டும். கூடவே மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கலாம், அதற்கு மாத்திரை நன்றாக வேலை செய்யும். துக்கத்துக்கு என்று மாத்திரை கிடையாது. பேச்சுதான் வைத்தியம். இதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட ஒரு சிகிச்சையில் பதினாறு தடவை உட்கார்ந்து பேசுகிறோம். நடந்ததை முதலிலிருந்து சொல்ல வைப்போம், போனவரோடு பேச வைப்போம், ஒதுக்கி வைத்த இடங்களுக்கு மெல்ல மெல்லப் போக வைப்போம். அறுபது, எழுபது வயதானவர்களுக்கும் இது பலன் தந்திருக்கிறது. "இந்த வயசுல என்ன வைத்தியம்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இப்போது ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

கடிதம் முழுக்க அம்மாவைப் பற்றி எழுதிவிட்டு, உங்களைப் பற்றி ரெண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன், விடிகாலையில் ஸ்டேஷன், பெங்களூர் வண்டி வந்து போனதும் திரும்பிவிடுவேன். ஐயா, மகன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த வண்டியில்தானே வருவான்? நீங்கள்தானே போய் அழைத்து வருவீர்கள்? பையை நீங்கள் வாங்கப் போக, "இருக்கட்டும்பா" என்று அவன் விடாமல் பிடித்துக்கொள்வானா? எனக்குத் தெரியாது, ஊகிக்கிறேன். அம்மா தட்டில் தோசை வைக்கிறார். நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்கிறீர்கள். அது மனநோயா என்று நீங்கள் கேட்ட கேள்வி உங்களுக்கும் பொருந்தும். பதிலும் அதேதான், இல்லை.

நம் ஊர்ச் சாவு வீட்டில் ஆம்பளைகளுக்கு அழ இடம் கிடையாது. பெண்கள் உள்ளே கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அவன் பிறந்தது, தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாவற்றையும் பாட்டாகவே சொல்லி அழுதுவிடுவார்கள். வெளியே பந்தலில் அப்பா நிற்பார். வருகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும், பறைக்குச் சொல்ல வேண்டும், பாடைக்குச் சொல்ல வேண்டும், சுடுகாட்டுக்குப் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் பதினாறாம் நாள் காரியம், இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், பெங்களூர் ஆபீசுக்குக் கடிதம். உங்களுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளைக்கு நீங்கள் கொள்ளி வைத்தீர்கள். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து கணக்கு எழுதியிருப்பீர்கள். எங்கே அழுதீர்கள் ஐயா? எனக்குத் தோன்றுகிறது, அந்த பிளாட்பாரத்தில்தான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் எழுதியது என் வேலையில் தினமும் கைகொடுக்கிறது. துக்கத்தில் இருப்பவர் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய்வந்தபடி இருப்பார் என்றார்கள். ஒரு பக்கம் போனவரை நினைத்து உருகுவது, இன்னொரு பக்கம் அரிசி வாங்குவது, வரி கட்டுவது, நடந்துவிட்டு வருவது. இரண்டும் வேண்டும். வீட்டில் ரெண்டே பேர் இருக்கும்போது சில சமயம் வேலை பிரிந்துவிடுகிறது. ஒருவர் முழுக்க உருகுகிறார், மற்றவர் முழுக்க ஓடுகிறார். அப்புறம் உருகுகிறவருக்கு 'இந்த மனுஷனுக்குப் பிள்ளை நினைப்பே இல்லை' என்று தோன்றும். ஓடுகிறவருக்கு 'நானும் உட்கார்ந்துவிட்டால் வீடு என்னாவது' என்று தோன்றும். உங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் நடைப்பயிற்சிக்குப் போகிறீர்கள் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருப்பார். எந்த வண்டிக்காக நிற்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. சொல்லுங்கள். அவர் ஒருநாள் கூட வருகிறேன் என்றால் ஒரு சால்வையைப் போர்த்தி அழைத்துப் போங்கள், மார்கழிப் பனி. வண்டி வந்து, ஆட்கள் இறங்கி, பிளாட்பாரம் காலியாகும்வரை இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அம்மாவின் எதிரில் அழுதால் அவர் இன்னும் உடைந்துபோவார் என்று பயப்படாதீர்கள். பதினாலு மாதமாக அவர் தனியாக அழுகிறார்.

ஆனால் ஸ்டேஷனைச் சொல்வதற்கு முன்னால் அந்த வார்த்தையை எடுக்க வேண்டும்.

அதைச் சொன்னதும் நீங்கள் நொந்துபோயிருப்பீர்கள். இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்கமாட்டீர்கள். அம்மா தினமும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, 'ஆமாம், உன்னால்தான்' என்று வீட்டுக்குள்ளிருந்தே ஒரு பதில் வந்துவிட்டது. அது தானாக ஆறாது. மன்னிப்பு கேளுங்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்துவிட்டு மனைவியிடம் மன்னிப்பு கேட்பது நம் தலைமுறை ஆண்களுக்குப் பழக்கமில்லாத வேலை. "சரி விடு" என்பதே மன்னிப்பாக ஓடிவிட்டது. இது அப்படி விடக்கூடியது இல்லை. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அது உண்மையும் இல்லை. தாங்க முடியாம யார் மேலயாவது போடணும்னு உன் மேல போட்டுட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். 'ஆனா நீயும்' என்று ஒரு வார்த்தை சேர்ந்தாலும் சொன்னதெல்லாம் வீண்.

அது உண்மை இல்லை என்பதை ஒரு மருத்துவராகவும் சொல்கிறேன். இதை அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள். அம்மா, மாரடைப்பு பல பேருக்கு நெஞ்சுக் கரிப்பாக, ஏப்பமாக, வாயுவாகத்தான் தொடங்கும். படித்தவர்களே ஜெலுசில் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கே வந்துவிட்டாலும் முதலில் எடுக்கும் ஈசிஜி சில பேருக்குச் சரியாக இருக்கிற மாதிரியே காட்டும். மறுபடி மறுபடி எடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இந்தியர்களுக்கு இதய நோய் மேல்நாட்டவரைவிடப் பல வருஷம் முன்னதாகவே வருகிறது. ஆனாலும் 38 வயதுப் பையன் நெஞ்சு கரிக்கிறது என்றால் முதலில் இதயம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. பக்கத்திலேயே இருந்து முகத்தைப் பார்த்தவர்களுக்கே தெரியாதது, தூரத்தில் போனில் பேசிய உங்களுக்கு எப்படித் தெரியும்? வயிறு சரியில்லை என்ற பிள்ளைக்கு மோர் குடிக்கச் சொன்னீர்கள். அவன் சின்ன வயதிலிருந்து நூறு தடவை சொல்லியிருப்பீர்கள், நூறு தடவையும் அது சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஐயா, இதைப் படித்துக் காட்டியதும் அம்மா சமாதானம் ஆகிவிடமாட்டார். மறுநாளும் மோரைப் பற்றிச் சொல்லி அழுவார். "டாக்டரே சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன" என்று வாயை அடைக்காதீர்கள். அவன் கடைசியாகப் பேசியது அம்மாவிடம். அந்தப் பேச்சில் மோர் மட்டும்தான் இருந்ததா? வேறு என்ன பேசினார்கள், யாரைப் பற்றி விசாரித்தான், என்ன சொல்லி போனை வைத்தான்? முழுப் பேச்சையும் கேளுங்கள். பல சமயம் அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கும்.

சாமான்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடுத்துக் கொடுத்தால் சரியாகாது. பயிற்சி முடித்த புதிதில் நானே ஒரு தாயிடம், மகளின் துணிமணியை ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டால் மனம் லேசாகும் என்று சொன்னேன். வீட்டில் இருந்தவர்கள் அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த தடவை வந்தபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பச்சைத் துப்பட்டாவையாவது வெச்சிருக்கலாமே டாக்டர், அவ வாசனை அதுலதான் இருந்துச்சு." இன்றைக்கும் அந்தத் தவறு என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. அம்மா தானாகக் கையில் எடுக்கும் நாளில் எடுக்கட்டும். அதுவும் முதலில் ஒரு பெட்டி, ஒரு அலமாரி. எடுப்பதையும் வைப்பதையும் இரண்டு பேரும் சேர்ந்து தீர்மானியுங்கள். அறையைப் பூட்டி வைத்திருந்தால் மட்டும் திறந்துவிடுங்கள். பெருக்கி, ஜன்னலைத் திறந்து, வெளிச்சம் வரட்டும்.

அடுத்தது மருமகள். 'தொடர்பும் இல்லை' என்று முடித்துவிட்டீர்கள். ஏன் இல்லை என்று எழுதவில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி பக்கத்தில் இருந்தவள் அவள்தானே, ஆஸ்பத்திரிக்கு ஏன் சீக்கிரம் கொண்டுபோகவில்லை என்பார்கள். ஜாதகம் சரியில்லை என்பார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள். இதில் ஒன்றாவது உங்கள் வீட்டிலும் பேசப்பட்டிருந்தால், அந்தப் பெண்ணும் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அம்மாவைப் போலவே தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள். உங்கள் மகனைத் தினம் தினம் பார்த்த மூன்றாவது ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான். பெங்களூர் வீட்டில் அவன் எப்படி இருந்தான், என்ன சொல்லிச் சிரிப்பான், அம்மா சமையலைப் பற்றி என்ன சொல்வான் என்று உங்களுக்குத் தெரியாத வருஷங்கள் அவளிடம் இருக்கின்றன. அவளுக்குத் தெரியாத வருஷங்கள் உங்களிடம் இருக்கின்றன. ஒரு போன் செய்யுங்கள். "நல்லா இருக்கியாம்மா, சாப்பிடுறியா" என்பது போதும் முதல் தடவைக்கு. அவள் பேச விரும்பாவிட்டால் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டாலும் அந்த உறவு இருக்கலாம். மகனைப் பறிகொடுத்த பிறகு மருமகளுக்கு மறுமணம் செய்து வைத்து, அந்தக் குழந்தைகளுக்குத் தாத்தா பாட்டியாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் நடுவில் நிற்கிறது என்றால் சட்டத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், மனக்கசப்பு பாதி குறையும். நீங்கள் திதி கொடுத்ததை வைத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறேன். உயில் எழுதாமல் இறந்தவருக்குக் குழந்தை இல்லை என்றால் அவர் சொத்து மனைவிக்கும் தாய்க்கும் சமமாகப் போகும். அப்பா அந்த முதல் வரிசையில் இல்லை. மறுமணம் செய்துகொண்டாலும் மனைவிக்கு வந்த பங்கு திரும்பிப் போகாது. அவளுக்குச் சேர வேண்டியதை அவள் வாங்கிக்கொண்டால் அதில் துரோகம் ஒன்றும் இல்லை.

நீங்கள் கும்பகோணம் பக்கம் இருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2004 ஜூலை 16 உங்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்த அப்பா அம்மாக்கள் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் குழந்தைகளின் படங்களுக்கு முன்னால் பிடித்த பலகாரத்தையும் புதுத் துணியையும் வைத்து அழுகிறார்கள். மாலையில் விளக்கேற்றி மகாமகக் குளத்துக்குப் போகிறார்கள். இருபது வருஷம் தாண்டிவிட்டது. அவர்களை யாரும் இன்னும் தேறவில்லை என்று சொல்வதில்லை. அவர்களுக்கு அழ ஒரு நாள் இருக்கிறது, போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது, பக்கத்தில் நிற்க அதே இழப்பைப் பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், விசேஷங்களுக்குப் போகிறார்கள். உங்களுக்கு அப்படி ஊரே சேர்ந்து நிற்கும் நாள் இல்லை. அதனால் நீங்கள் இருவரும் சேர்ந்து ஒன்றை ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மகன் பிறந்த நாளாக இருக்கலாம். அவன் படித்த பள்ளியில் ஒரு வேளைச் சாப்பாடாக இருக்கலாம். உங்கள் தெருவிலோ உறவிலோ பிள்ளையை இழந்த இன்னொரு வீடு இருந்தால் அவர்களைப் போய்ப் பாருங்கள். ஆறுதல் சொல்லப் போக வேண்டாம், சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

'எங்களுக்கு அப்புறம் யார்' என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நீங்களும் அம்மாவும் ஆளுக்கொரு உயில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் செய்துவிட்டால் பின்னால் சண்டை வருவது குறையும். ஆஸ்பத்திரி என்றால் கையெழுத்துப் போட ஓடிவர ஒருவர் வேண்டும். அண்ணன் தம்பி பிள்ளைகளில் நம்பிக்கையானவர் யார் என்று யோசித்து, அவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். நம்மையே நம்பி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் ஓடிவருகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கொள்ளியைப் பற்றி நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் அந்த வரிக்குள் அதுவும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பங்காளிப் பிள்ளைகள் வைக்கலாம். மனைவி வைத்ததையும் மருமகள் வைத்ததையும் நம் ஊர்களில் பார்த்தாகிவிட்டது. உங்கள் இருவருக்கும் எது மனதுக்கு ஒப்பும் என்று பேசி எழுதி வையுங்கள். வேறு யார் என்ன சொல்வார்கள் என்பது அப்புறம்.

பொங்கல் நெருங்குகிறது. போன வருஷம் தீட்டு என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்த வருஷம், "வருஷம்தான் முடிஞ்சுபோச்சே, பானை வைங்க" என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். திதி முடிந்ததும் உறவுக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொள்கிறார்கள், துக்கமும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ரெண்டாவது வருஷம் பல பேருக்கு முதல் வருஷத்தைவிடக் கனமாக இருப்பது இதனால்தான். வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம். அம்மாவைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வாசலில் ஒரு விளக்கு போதும். சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் செய்து அவன் தட்டிலும் வைக்கிறேன் என்றால், பக்கத்தில் உங்கள் தட்டையும் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள். அம்மாவின் எடை, மாத்திரையை எப்படிக் குறைக்கச் சொன்னார்கள், இன்று ராத்திரி கேட்ட கேள்விக்கு என்ன பதில் வந்தது, இந்த மூன்றும் எனக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். கடிதத்தில் கொஞ்சம் இடம் விட்டு அம்மாவிடம் கொடுங்கள். உங்கள் மகன் பெயரை நீங்கள் எழுதவே இல்லை. அம்மா எழுதட்டும், அவனை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்றும்.